மூலையில் நிற்பவனின் வாய்

2011இல் நான் சென்னையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். தங்கியது வியாசர்பாடியில், சித்தப்பா வீட்டில். சித்தப்பா மகன் என்னைவிட நாலு வயசு சின்னவன், குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தான். அவன் வாத்தியார் பகலில் லாரிக்கு லோடு ஏற்றுவார், சாயங்காலம் எங்க ஏரியா பையன்களுக்குச் சொல்லித்தருவார். காசு வாங்கமாட்டார். ஒரு போட்டிக்கு நானும் கூடப் போனேன்.

ரெண்டாவது ரவுண்டில் தம்பி வலது கையை இறக்கிவிட்டான். எதிராளியின் இடது கை ஒன்று, ரெண்டு, மூணு என்று அவன் தாடையில் விழுகிறது. வாத்தியார் பொறுக்கமாட்டாமல் "கைய ஏத்துடா டேய்!" என்று கத்திவிட்டார். ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிட்டு எங்கள் மூலைக்கு வந்து அவரை எச்சரித்தார். அமெச்சூர் சண்டையில் அன்றைக்கு இருந்த விதி அது. ரவுண்டு நடக்கும்போது மூலையில் இருப்பவன் ஆலோசனையும் சொல்லக் கூடாது, ஊக்கமும் கொடுக்கக் கூடாது. வாத்தியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்குப் பின்னால் இருந்த ஒரு பெரிய மனுஷன் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "இவனுங்களுக்கு டிசிப்ளின் வராது சார். சேரியில கத்துற மாதிரியே இங்கயும் வந்து கத்துறானுங்க." அதே நேரத்தில் எதிராளியின் கல்லூரிப் பையன்கள் அம்பது பேர் பெஞ்சில் ஏறி நின்று "லெஃப்ட் போடு மச்சி, லெஃப்ட் போடு" என்று மண்டபம் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் எந்த ரெஃப்ரியும் போகவில்லை. ஏனென்றால் அவர்கள் மூலையில் இல்லை. அவர்கள் கூட்டம்.

இந்தச் சங்கதியைப் பத்து வருஷம் கழித்து, 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்த சமயத்தில், எங்கள் வாசிப்பு வட்டத்தில் சொன்னேன். ஒரு தோழர் என்னை மடக்கினார். "விதி சரிதான் தோழர். ரிங்குல ஏறினவன் தானே யோசிக்கணும். வெளிய நின்னு 'நகரு, குத்து, குனி'ன்னு சொல்றவனுக்கும் களத்துமேட்டுல நிக்கிற பண்ணையாருக்கும் என்னா வித்தியாசம்? நம்ம ஆளுங்க காலங்காலமா அடுத்தவன் வாயப் பாத்துத்தானே கைய அசைச்சாங்க?" நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு தேடித்தேடிப் படித்ததில் தேறியதை இங்கே சொல்கிறேன்.

1743இல் லண்டனில் ஜாக் பிராட்டன் எழுதியவைதான் நமக்குத் தெரிந்த முதல் குத்துச்சண்டை விதிகள். மூலையாளுக்கு ஆங்கிலத்தில் 'செகண்ட்' என்று பேர், அதாவது ரெண்டாம் ஆள். பிராட்டன் விதிப்படி செகண்டும் சண்டைக்காரனோடு மேடையில் நின்றான். விழுந்தவனை அரை நிமிஷத்துக்குள் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டியது அவன் பொறுப்பு. "என் ஆள் தோற்றான்" என்று அறிவிக்கிற அதிகாரமும் அவனுக்கு இருந்தது. அவன் வாய்க்குப் போட்ட பூட்டு ஒன்றே ஒன்றுதான்: எதிராளியிடம் கேள்வி கேட்கக் கூடாது, விட்டுக்கொடுத்துவிடு என்று அவனுக்குப் புத்தி சொல்லக் கூடாது. தன் ஆளிடம் என்ன வேண்டுமானாலும் பேசலாம். 1867இல் வந்த குயின்ஸ்பெரி விதிகள் ரவுண்டு நேரத்தில் செகண்டை வளையத்தைவிட்டு வெளியே அனுப்பின. உடம்புதான் கயிற்றுக்கு வெளியே போனது. வாயை மூடு என்பதெல்லாம் பின்னால், 'கனவான்கள்' அமெச்சூர் என்று தனி ஆட்டம் வைத்துக்கொண்ட பிறகு வந்த சங்கதி.

பிராட்டன் விதி நடப்பில் எப்படி இருந்தது என்பதற்கு 1810 டிசம்பர் 18ஐப் பார்க்க வேண்டும். டாம் கிரிப் இங்கிலாந்தின் சாம்பியன், வெள்ளைக்காரர். எதிரே டாம் மொலினோ, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்தவர் என்று சொல்லப்படும் கறுப்பர். மொலினோவின் மூலையில் பில் ரிச்மண்ட். 1763இல் ஸ்டேட்டன் தீவில் அடிமையாகப் பிறந்து, ஒரு ஆங்கிலப் பிரபுவால் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, மரவேலை கற்று, குத்துச்சண்டைக்காரராகி, லண்டனில் மதுக்கடை நடத்தியவர். 1805இல் அவரே கிரிப்பிடம் தோற்றிருந்தார். தன்னால் முடியாததை மொலினோவை வைத்து முடிக்கப் பார்த்தார்.

மொலினோ நன்றாகவே அடித்தார். நடுவில் கூட்டம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. ஒரு கட்டத்தில் கிரிப்பால் நேரத்துக்குள் கோட்டுக்கு வர முடியவில்லை. அப்போது கிரிப்பின் செகண்ட், மொலினோ கைக்குள் ஈயக்குண்டு வைத்திருக்கிறான் என்று கூச்சல் போட்டான், அந்த ரகளையில் கிரிப்புக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது என்று காலங்காலமாக ஒரு வழக்கு உண்டு. வழக்கில் எவ்வளவு நிஜம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டைபோடுகிறார்கள். எப்படியோ, ஒரு மூலையாளின் நாக்கால் கடிகாரத்தையே நிறுத்த முடியும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பினார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு இடம். முப்பது ரவுண்டு தாண்டி, இனிமேல் முடியாது என்று மொலினோ சொல்கிறார். ரிச்மண்ட், இன்னும் ஒரு தடவை போ என்று தேற்றி அனுப்புகிறார். மொலினோ போய் விழுகிறார். அடுத்த வருஷம் செப்டம்பரில் மறுபடியும் கிரிப்போடு மோதி, தாடை உடைந்து தோற்றார். 1818இல் அயர்லாந்தில், கையில் ஒன்றுமில்லாமல் செத்துப்போனார். அவருக்கு நம்மாளே மூலையில் நின்றும் போதவில்லை. தன் தோல்விக்குக் கணக்குத் தீர்க்க இன்னொருத்தன் உடம்பை அனுப்புகிற மூலையாளை நம் இயக்கங்களிலும் பார்த்திருக்கிறோம். இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நூறு வருஷம் கழித்து, 1910 ஜூலை 4, நெவாடாவில் ரீனோ. உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்ற முதல் கறுப்பர் ஜாக் ஜான்சன். அவரை வீழ்த்தி வெள்ளை இனத்தின் மானத்தை மீட்க வேண்டும் என்று, ஓய்விலிருந்த ஜிம் ஜெஃப்ரிஸைக் கூட்டிவந்தார்கள். ஜெஃப்ரிஸின் மூலையில் முன்னாள் சாம்பியன் கார்பெட். இந்தக் கார்பெட்டுக்குப் பட்டப்பெயரே 'கனவான் ஜிம்'! கனவானின் வேலை என்ன தெரியுமா? சண்டை நேரம் பூராவும் ஜான்சனை இனத்தைச் சொல்லி ஏசிக்கொண்டிருப்பது. ஜான்சன் சிரித்துக்கொண்டே, ஜெஃப்ரிஸைக் குத்திக்கொண்டே, கார்பெட்டுக்கும் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது ரவுண்டில், அதுவரை யாரிடமும் கீழே விழாத ஜெஃப்ரிஸ் விழுந்தார், திரும்பத் திரும்ப விழுந்தார். எண்ணி முடிக்கப்படும் அவமானம் வந்துவிடாமல் அவருடைய ஆட்களே உள்ளே ஏறி நிறுத்தினார்கள். அன்று ராத்திரி அமெரிக்க ஊர்களில் கறுப்பர்களை அடித்துக் கொன்றார்கள்.

இதில் தோழர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜான்சனின் மூலையில் நின்றவர்களில் பில்லி டிலேனி என்ற வெள்ளைக்காரரும் ஒருவர். ஒருகாலத்தில் ஜெஃப்ரிஸையே பழக்கியவர், அவரோடு மனஸ்தாபத்தில் பிரிந்து இந்தப் பக்கம் வந்தவர். ஆக நம்மாள், அடுத்தாள் என்று பிறப்பை வைத்துப் பிரித்தாலும் கணக்கு நேராகாது.

எங்க ஊர்ப்பக்கம் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள். சின்ன வயசில் அதைத் தூக்கம் விழித்துப் பார்த்தபோது கர்ணன் சாவதற்கு அழுதேன். இப்போது பார்த்தால் தேர்த்தட்டில் உட்கார்ந்திருக்கிற சல்லியன்தான் கண்ணுக்குத் தெரிகிறான். அர்ச்சுனன் மூலையில் கிருஷ்ணன், ஒவ்வொரு அம்புக்கும் யோசனை சொல்கிறவன். கர்ணன் மூலையில் சல்லியன், ராஜா. தேரோட்டி மகனுக்குத் தேர் ஓட்டுவதா என்று குமைகிறவன். கர்ணனின் தைரியத்தைக் குலைக்கிறேன் என்று எதிராளிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். வழியெல்லாம் பிறப்பைச் சொல்லிக் குத்துகிறான். நாகாஸ்திரம் தொடுக்கும்போது, இந்தக் குறி சரியில்லை, மாற்று என்கிறான். அந்த ஒரு சொல் நல்ல சொல். கர்ணன் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? அதுவரை ஏசிய வாய்தானே அது.

'சண்டைக்காரன் தானே யோசிக்கட்டும்' என்கிற விதி கிருஷ்ணனையும் சல்லியனையும் ஒரே பூட்டால் பூட்டுகிறது. அர்ச்சுனனுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவனுக்குக் குருகுலம் இருந்தது, துரோணர் இருந்தார், ஏகலைவன் கட்டைவிரலும் அவன் பொருட்டே போனது. வியாசர்பாடிப் பையனுக்கு இருந்ததெல்லாம் அந்த லோடுமேன் வாத்தியாரின் குரல்தான்.

இடைவேளை ஒரு நிமிஷத்தில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். சில சமயம் போதும். 1941 ஜூன் 18இல் ஜோ லூயிஸ் பில்லி கானிடம் புள்ளிகளில் பின்தங்கியிருந்தார். அவர் மூலையில் ஜாக் பிளாக்பர்ன், தானும் ஒரு காலத்தில் சண்டையிட்ட கறுப்பர். கறுப்பனுக்குப் புள்ளிக் கணக்கில் நியாயம் கிடைக்காது, விழுத்தாட்டினால்தான் ஜெயம் என்று லூயிஸை ஆரம்பத்திலிருந்தே பழக்கியவர். அன்றும், தோற்றுக்கொண்டிருக்கிறாய், அவனை விழுத்தாட்டியாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கானின் மூலையோ, விலகி நின்று ஆடு, பட்டம் உன்னுடையது என்றது. கான் கேட்காமல் நெருங்கிப் போனார், பதின்மூன்றாவது ரவுண்டு முடிய ரெண்டே செகண்டு இருக்கும்போது விழுந்தார். இதெல்லாம் உத்தி, இடைவேளையில் பேசி முடிக்கிற காரியம். இறங்கிப்போன ஒரு வலது கை அப்படியில்லை. மணி அடிக்கிறவரை அது காத்திருக்காது. ஜூடோவில் 2010களில், நடுவர் ஆட்டத்தை நிறுத்துகிற இடைவெளியில் மட்டும் பயிற்சியாளர் பேசலாம் என்று விதி செய்தார்கள். அதிலாவது ஆட்டம் அடிக்கடி நிற்கும். குத்துச்சண்டையில் மூணு நிமிஷமும் ஓட்டம்தான்.

தோழரின் பண்ணையார் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. 1983 ஜூன் 16இல் நியூயார்க்கில் லூயிஸ் ரெஸ்டோ என்ற ஏழை போர்ட்டோரிக்கோக்காரரின் கையுறையிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு ரிங்குக்கு அனுப்பினார் பயிற்சியாளர் பனாமா லூயிஸ். எதிரே நின்ற பில்லி காலின்ஸின் கண் போயிற்று, பிழைப்புப் போயிற்று, அடுத்த வருஷம் கார் விபத்தில் உயிரும் போயிற்று. கையுறையில் பஞ்சு இல்லை என்று தனக்குத் தெரியும் என்பதை ரெஸ்டோ பல வருஷம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டார். மூலை சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்பவனுக்கு வரும் கதி அது. ஆனால் அந்த அநியாயம் நடந்தது மணி அடிப்பதற்கு முன்னால், உடை மாற்றும் அறையில், சத்தமில்லாமல். ரவுண்டு நேரத்தில் வாயை மூடுகிற விதியால் அதைத் தடுத்திருக்க முடியாது.

1975 அக்டோபர் 1, மணிலா அருகே கேசோன் சிட்டி. அலியும் ஃபிரேசியரும் மூணாவது தடவை மோதுகிறார்கள். பதினாலு ரவுண்டு முடிந்தது. தென் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஃபிரேசியருக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இன்னொன்றில் ஏற்கெனவே பார்வை மட்டம். அவர் மூலையில் எடி ஃபட்ச், கறுப்பர், ரிங்கில் ஆட்கள் செத்ததை நேரில் பார்த்தவர். மீதி ஒரே ரவுண்டு. ஃபிரேசியர் எழுந்திருக்கப் பார்க்கிறார், போகிறேன் என்கிறார். ஃபட்ச் அவரை உட்காரவைத்து, ரெஃப்ரியிடம் முடிந்தது என்று சைகை காட்டினார். 1810இல் ரிச்மண்டால் முடியாமல் போனது இதுதான். 'போ' என்று சொல்லும் வாய்க்கே 'போதும்' என்று சொல்கிற உரிமையும் வேண்டும். முதலாவதைப் பிடுங்கிவிட்டு ரெண்டாவதை மட்டும் கையில் கொடுத்தால் அது என்ன நியாயம்?

எங்கள் வாத்தியாருக்கு அன்றைக்குக் கொடுத்தது அதைத்தான். விதிப்படி அவர் பேசக் கூடாது. ஆனால் துண்டை எறிந்து தன் ஆளைத் தோற்கடிக்கலாம். மூணாவது ரவுண்டில் தம்பியின் கை மறுபடியும் இறங்கியது. வாத்தியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார், என் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு வாயில் கடித்திருந்த துண்டை எடுத்து ரிங்குக்குள் போட்டார். பெஞ்சில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள்.

தம்பி ஒரு மாசம் வாத்தியாரோடு பேசவில்லை. "இன்னும் ஒரு நிமிஷம்தான் இருந்துச்சு, அவன் கண்ணுல பயத்தப் பாத்தேன், இந்தாளு கெடுத்துட்டாரு" என்று சித்தியிடம் சொல்லிச் சொல்லி அழுதான். அப்புறம் ஒருநாள் சாயங்காலம், வாத்தியார் பையன்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, கடைசியில் போய் நின்றான். அவன் முறை வந்ததும் கையை நீட்டினான். வாத்தியார் ஒன்றும் பேசாமல் பேண்டேஜைச் சுற்ற ஆரம்பித்தார், வலது கையில் முதலில்.