பாத வளைவும் பாதத் தாங்கியும்: ‘திருத்தம்’ என்னும் கருத்தின் மறுபரிசீலனை

காலணிக்குள் இடும் வளைந்த உள்ளட்டை, கணுக்காலைச் சுற்றி இறுக்கும் பட்டை, குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிக்கான் மெத்தை முதலிய அனைத்தையும் மருத்துவ உலகம் ‘ஆர்த்தோசிஸ்’ என்ற ஒரே பெயரால் வழங்குகிறது. இக்கட்டுரையில் அவை பாதத் தாங்கிகள் எனப்படும். கோணிய பாதத்தைத் தாங்கி நேராக்கும், தட்டையான பாதத்தில் வளைவை உண்டாக்கும் என்ற நம்பிக்கையை இவற்றை விற்போரும் எழுதித் தருவோரும் வாங்குவோரும் பெரும்பாலும் ஒன்றுபோலவே கொண்டிருக்கின்றனர். இந்நம்பிக்கைக்குச் சான்று மிகக் குறைவு என்பதும், சுமையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதும் மூட்டு தன் எல்லையைக் கடந்து மடங்காமல் தடுப்பதுமே தாங்கியின் மெய்யான வேலை என்பதும், அவ்வேலையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது வேலூர்ப் பகுதியில் தொழுநோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட எளிய ரப்பர் செருப்பே என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவும் அதற்கு வெளிப்புறமாக மெலிந்து இறங்கும் ஃபிபுலாவும் சேர்ந்து ஒரு கவையை உண்டாக்க, அதற்குள் ஆப்புப் போல் செருகியிருக்கும் தாலஸ் என்னும் எலும்பு முன்னும் பின்னும் உருள்வதால்தான் பாதம் மேல்நோக்கிச் சுமார் 20 பாகையும் கீழ்நோக்கிச் சுமார் 50 பாகையும் மடங்குகிறது. தாலஸின் இரு இயல்புகள் இங்குக் கருதத்தக்கவை. எந்தத் தசையும் அதன்மேல் ஒட்டுவதில்லை. ஆகவே அதைப் பிடித்து நிறுத்துவன சுற்றியுள்ள எலும்புகளும், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்களும் மட்டுமே. மேலும் அதன் முன்பகுதி பின்பகுதியைவிட அகலமானது. பாதம் மேல்நோக்கி மடங்கும்போது அகன்ற பகுதி கவைக்குள் இறுகுவதால் மூட்டு உறுதி பெறுகிறது. படியிறங்கும்போதும் குதித்துத் தரையில் ஊன்றும்போதும் விரல் கீழ்நோக்கியிருக்க, குறுகிய பின்பகுதி கவைக்குள் வந்து மூட்டு தளர்கிறது. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நிலையில்தான்.

தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள கீழ்மூட்டின் அச்சு சாய்வானது. ஆதலால் பாதம் உள்நோக்கிச் சரியும்போதெல்லாம் கீழ்க்கால் முழுவதும் சற்று உட்புறமாகச் சுழல்கிறது. குதிகால் தரையில் படும்போது நிகழும் இச்சரிவால் பாதம் நெகிழ்ந்து மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிகிறது; அடி எடுத்து வைக்கும் வேளையில் அது எதிர்ப்புறம் திரும்பி விறைப்பான நெம்புகோலாகிறது. அமெரிக்கப் பாத மருத்துவர் மெர்டன் ரூட்டும் அவருடைய தோழர்களும் 1977இல் வெளியிட்ட நூலில், கீழ்மூட்டுக்கு ஒரு ‘நடுநிலை’ உண்டென்றும், அதிலிருந்து விலகிச் சரியும் பாதமே நோய்க்கு இடமாகிறது என்றும், அந்நடுநிலையில் அச்செடுத்துச் செய்த தாங்கி பாதத்தை அதன் உரிய இடத்துக்கு மீட்கும் என்றும் வகுத்துரைத்தனர். தனிநபர் அச்செடுத்துச் செய்யும் தாங்கித் தொழில் இக்கோட்பாட்டை அடித்தளமாகக் கொண்டே வளர்ந்தது. ஆனால் எலும்பிலேயே நுண்ணிய ஊசிகளைப் பொருத்தி ஐந்து ஓட்டக்காரர்களை ஓடவைத்து அளந்த அலெக்ஸ் ஸ்டாகாஃப் குழுவினர், தாங்கியால் எலும்பின் அசைவில் விளைந்த மாற்றம் சிறிதென்றும் ஆளுக்கு ஆள் வேறுபட்டதென்றும் 2000இல் அறிவித்தனர். ஐவர் என்பது சிறு தொகைதான். ஆயினும் தோலின்மேல் ஒட்டிய குறிகளையன்றி எலும்பையே நேரில் அளந்த ஆய்வு என்பதால், அதை எளிதில் தள்ளிவிட இயலாது.

வளைவைப் பற்றிய தவறான எண்ணம், அது கல்தோரணம் போல் அசையாது நிற்க வேண்டியது என்ற கற்பனையிலிருந்து பிறக்கிறது. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலில் இருக்கிறது. பெருவிரல் மேல்நோக்கி மடங்கும்போது இப்பட்டை விரலடியைச் சுற்றி இழுபட, கிணற்று உருளையில் கயிறு சுற்றச் சுற்ற வாளி மேலேறுவது போல் வளைவு உயர்கிறது; ஜே. எச். ஹிக்ஸ் 1954இல் விளக்கிய இயக்கம் இது. நின்றுகொண்டிருப்பவரின் பெருவிரலைக் கையால் நிமிர்த்தினாலே வளைவு எழுவதைக் கண்ணால் காணலாம். வளைவு வில்லாகவும் பணிபுரிகிறது. கெர், அலெக்சாண்டர் முதலியோர் 1987இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ளவர் ஓடும்போது ஒரு பாதம் ஊன்றும் நேரத்தில் கைமாறும் ஏறத்தாழ 100 ஜூல் ஆற்றலில், குதிகால் தசைநாண் 35 ஜூலையும் வளைவு 17 ஜூலையும் சேமித்துத் திருப்பித் தருகின்றன. தாழ்ந்து எழுவதே வளைவின் தொழில் என்றால், அதற்கு நிலையான முட்டுக் கொடுப்பது எந்த அளவுக்கு நன்மை என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

குழந்தைகளின் தட்டைப்பாதம் இக்கேள்விக்கு நேரடியான விடை தருகிறது. நிற்கும்போது உள்ளங்கால் முழுவதும் தரையில் படியும் குழந்தை, நுனிவிரலில் நின்றவுடன் வளைவைக் காட்டுமானால் அது நெகிழ் தட்டைப்பாதம். வலி இல்லாதவரை அது நோயன்று. டென்னிஸ் வெங்கர் குழுவினர் 129 குழந்தைகளைச் சீட்டுக்குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் திருத்தக் காலணியும் உள்ளட்டையும் கொடுத்து, சிலருக்கு ஏதும் கொடுக்காமல் மூன்றாண்டுகள் தொடர்ந்து, 1989இல் முடிவை வெளியிட்டனர்: எல்லாக் குழுவிலும் வளைவு வளர்ந்திருந்தது, குழுக்களிடையே வேறுபாடு இல்லை. இந்தியச் சான்று இன்னும் கூர்மையானது. உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதச்சுவடுகளை ஆராய்ந்து 1992இல் எழுதியதில், காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலோடு நடப்போரில் 2.8 சதவீதத்தினருக்கும் தட்டைப்பாதம் இருந்தது. மூடிய காலணி அணிவோரிடம் அது மிகுந்தும் காணப்பட்டது. ஒரே வேளையில் எடுத்த சுவடுகள் காரணத்தை முடிவாக நிறுவமாட்டா என்றாலும், வளைவு வளர முட்டு வேண்டும் என்ற கருத்துக்கு அவை எதிர்ச்சான்றே ஆகும். பள்ளி ஷூவுக்குள் ‘ஆர்ச் சப்போர்ட்’ வைத்தால்தான் பிள்ளையின் கால் தேறும் என்று பெற்றோரை அச்சுறுத்துவதற்கு நியாயம் இல்லை. பெரியவர்களிடம் வளைவைத் தாங்கும் தசைநாண் சிதைந்து ஒருபக்கப் பாதம் புதிதாகச் சரிவது முற்றிலும் வேறு நோய். அதற்குத் தாங்கி தேவைப்படும். இரண்டையும் ‘தட்டைப்பாதம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கின் குறை.

தடுத்து நிறுத்துவது என்னும் வேலைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. கணுக்கால் சுளுக்கு எனப்படுவது பெரும்பாலும் பாதம் உட்புறம் மடங்குவதால் வெளிப்பக்கத் தசைநார்கள், குறிப்பாக ஃபிபுலாவைத் தாலஸோடு முன்புறத்தில் பிணைக்கும் நார், இழுபடுவதோ கிழிவதோ ஆகும். புதிதாகக் கிழிந்த நாரை எண்ணெய் தடவி அழுத்தி நீவுவதால் வீக்கம் மிகும்; எலும்பு முறிந்திருந்தால் கேடு இன்னும் பெரிது. முறிவை ஐயுற வேண்டிய தருணங்களைக் கனடாவின் இயன் ஸ்டீல் குழுவினர் 1992இல் ‘ஒட்டாவா விதிகள்’ எனத் தொகுத்தனர்: கணுவின் இருபுற எலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலிப்பது, நடுப்பாதத்தில் குறிப்பிட்ட இரண்டு எலும்பு மேடுகளில் வலிப்பது, அடிபட்ட உடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி நடக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே வேண்டும். அமெரிக்காவில் 1460 உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் டிமத்தி மெக்வைன் நடத்திய ஆய்வில் (2011), கயிறிட்டு இறுக்கும் கணுப்பட்டை அணிந்தோரிடையே புதிய கணுக்கால் காயங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன; காயத்தின் கடுமை மட்டும் குறையவில்லை. பட்டை இங்கு எதையும் திருத்தவில்லை. தளர்ந்த நிலையில் மூட்டு மடங்கும் கோணத்துக்கு வரம்பிடுகிறது, அவ்வளவே. ஒருமுறை சுளுக்கியவர் ஒற்றைக்காலில் நின்று சமநிலை பழகுவதும் மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பதைத் தாங்கி எழுதித் தருவோர் பல வேளைகளில் சொல்ல மறக்கின்றனர்.

குதிகால் வலியில் தாங்கியின் பயன் நடுத்தரமானது. காலையில் படுக்கையைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குத்தி, சில அடிகளில் தணியும் இவ்வலி முன்கூறிய நார்ப்பட்டையின் வேரில் தோன்றுவது. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளே குற்றவாளி என்று பலர் அஞ்சினாலும், வலியே இல்லாதவரிடமும் அம்முள் இருப்பதுண்டு. அழற்சி என்று பெயர் பெற்றிருந்தும், அறுவையில் எடுத்த திசுக்களை ஹார்வி லெமான்ட் குழுவினர் 2003இல் ஆராய்ந்தபோது சிதைவையே கண்டனர். ஆஸ்திரேலியாவில் கார்ல் லாண்டார்ஃப் குழுவினர் 135 பேருக்கு மெல்லிய போலி அட்டை, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தாங்கி, அச்செடுத்துச் செய்த தாங்கி ஆகியவற்றைப் பிரித்துக் கொடுத்ததில், மெய்த் தாங்கிகள் இரண்டும் மூன்று மாதத்தில் சிறிது நன்மை தந்தன. ஓராண்டில் போலி அட்டைக்கும் அவற்றுக்கும் வேறுபாடு மறைந்தது. அச்செடுத்தது ஆயத்தமானதைவிடச் சிறக்கவும் இல்லை. வடிவத்தைத் துல்லியமாகத் திருத்துவதால் நலம் விளைகிறது என்றால், துல்லியமானது வென்றிருக்க வேண்டும்.

இனி வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் உள்ளங்கால் புண் நோயால் தசை அழுகுவதன்று, உணர்விழந்த பாதத்தின் ஒரே இடம் ஒவ்வோர் அடியிலும் நசுங்குவதன் விளைவு என்று உணர்ந்தார். உணர்வுள்ளவர் சிறு வலி எழுந்ததும் தம்மையறியாமல் சாய்ந்து நடப்பார். உணர்விழந்தவர் முள் ஏறிய பின்னும் அதே புள்ளியில் ஊன்றுவார். வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் உருப்பெற்ற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு, இவ்வறிவைப் பொருளாக்கியது. மேலே நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர் பாதத்தின் வடிவுக்கு அமிழ்ந்து சுமையைப் பரப்ப, அடியிலுள்ள கடினரப்பர் முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் தடுக்கிறது. உள்ளே துருத்திக்கொண்டு தோலைத் துளைக்கும் என்பதால் ஆணி அடிக்கப்படுவதில்லை. விரலிடுக்கில் வார் வருவதில்லை. செருப்பு கழன்று நழுவாதிருக்கக் குதிகாலின் பின்னால் ஒரு வார் வருகிறது. விகாரமுற்ற பாதத்தின் வடிவத்தை நேராக்க இச்செருப்பு முயல்வதே இல்லை. ஒரே எடை இரு மடங்கு பரப்பில் படிந்தால் அழுத்தம் பாதியாகும் என்ற பள்ளிக்கூட இயற்பியலே இதன் மருத்துவம்.

இன்று அதே செருப்பு நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கு எழுதித் தரப்படுகிறது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் பல இடங்களில் அழுத்திப் பார்த்து, அத்தொடுகையை அறியாதவரை இனங்காண்பது சில நிமிட வேலை. தாங்கியின் பயன் இங்கும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. நெதர்லாந்தில் சிக்கோ பஸ் குழுவினர் 171 நோயாளிகளிடம் அழுத்தத்தை அளந்து குறைத்த காலணிகளைச் சோதித்தபோது (2013), மொத்தத்தில் புண் மீள்வது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் நடக்கும் அடிகளில் 80 சதவீதத்தையாவது காலணியோடு நடந்தவர்களிடம் மீள்புண் ஒப்பீட்டுக் குழுவில் 47.8 சதவீதமாகவும் அழுத்தம் குறைத்த காலணிக் குழுவில் 25.7 சதவீதமாகவும் இருந்தது. அவ்வாய்வின் நோயாளிகளிலேயே பலர் வீட்டுக்குள் காலணியைக் கழற்றிவிடும் வழக்கம் உடையோராயிருந்தனர். செருப்பை வாசலில் விட்டு உள்ளே வருவது நாகரிகமாகவும், பூசையறைக்கும் அடுப்படிக்கும் செருப்போடு செல்வது இழிவாகவும் கருதப்படும் தமிழ் வீட்டில் இவ்விடர் பன்மடங்காகும். இல்லத்தரசி ஒருவரின் ஒருநாள் நடையில் பெரும்பகுதி அடுப்படியின் கல்தரையில்தான் கழிகிறது. அவருக்கு எழுதித் தந்த செருப்போ வாசற்படியில் கிடக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு எழுதித் தரும் மருத்துவர், வீட்டுக்குள் மட்டும் அணிய இன்னொரு ஜோடியையும் அதே சீட்டில் எழுதி, அதன் காரணத்தை நோயாளிக்கும் வீட்டாருக்கும் சேர்த்தே விளக்க வேண்டும்.