மந்திரவாதிக்கு வாள் மறுக்கப்பட்ட வரலாறு

விதிகளுக்கும் வரலாறு உண்டு. ஒரு விதி எதற்காகப் பிறந்தது என்பது ஒன்று. பிறந்த பின்னர் அதற்குக் கற்பிக்கப்படும் காரணம் மற்றொன்று. இவ்விரண்டும் எத்துணைத் தொலைவு விலகிச் செல்லக்கூடும் என்பதற்கு, அமெரிக்காவில் தோன்றி அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட மேசை விளையாட்டு ஒன்று சான்று பகர்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் அவ்விளையாட்டு, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக, 1974ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது.

இதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகித் தம் செயலைச் சொல்லால் உரைப்பர். நடுவர் ஒருவர் அக்கற்பனை உலகை விவரிப்பார். ஐயத்திற்குரியவற்றைப் பகடை தீர்த்து வைக்கும். முதற்பதிப்பில் மாந்தர் வகுப்புகள் மூன்றே: போர்வீரர், மந்திரவாதி, மதகுரு. போர்வீரர் எப்படைக்கலமும் ஏந்தலாம், எக்கவசமும் பூணலாம். மந்திரவாதிக்குக் கட்டாரி ஒன்றே படைக்கலம், கவசம் கிடையாது. மதகுரு கவசம் அணியலாம். ஆனால் முனையும் விளிம்பும் கூரிய கருவிகள் அவருக்கு ஆகா. தண்டாயுதம் போன்றவையே உரியவை.

ஏன் இத்தடை? வாளின் வெட்டு கட்டாரியின் குத்தைவிடக் கொடியது, அதனால்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1974ஆம் ஆண்டின் அடிப்படை விதிப்படி எப்படைக்கலம் பட்டாலும் விளையும் ஊறு ஒன்றேதான்: ஒரு பகடையில் விழும் ஒன்று முதல் ஆறு வரையான எண். கருவிக்கேற்ப ஊறு வேறுபடும் முறை 1975இல் வந்த கிரேஹாக் என்னும் இணைப்பு நூலில்தான் புகுந்தது. அப்படியாயின் தொடக்கத்தில் இத்தடை உறைத்த இடம் எது? புதையல்! மந்திரப் பொருள்களை வழங்கும் முதற்பதிப்பின் அட்டவணையில் நூற்றுக்கு இருபது பங்கு வாள்களே. அவற்றுள் சில அறிவுடையவை. சில பேசவும் வல்லவை. அவை அனைத்தும் போர்வீரருக்கே உரிமையாக்கப்பட்டன.

இதன் நியாயம் விளையாட்டின் போக்கில் விளங்கும். மந்திரவாதி தொடங்கும்போது நாளொன்றுக்கு ஒரு மந்திரம் மட்டுமே சொல்ல வல்ல எளியவர். வளர்ந்த பின்னரோ தீயும் மின்னலும் அவர் ஏவல் கேட்கும். போர்வீரருக்கு அத்தகைய வளர்ச்சி இல்லை. அவருடைய தனிச்சொத்து வாள் ஒன்றே. அதையும் மந்திரவாதி எடுத்துக்கொள்வாராயின் போர்வீரராக ஆட எவர் முன்வருவார்? ஆகவே இத்தடையை மந்திரவாதிக்கு இட்ட தண்டனை என்பதைவிட, மந்திரம் அறியாதவருக்கு ஒதுக்கிய நிலம் என்பதே பொருந்தும்.

இலக்கியம் இத்தடைக்குத் துணை நிற்கவில்லை. டோல்கீனின் கண்டால்ஃப் ஒரு கையில் கோலும் மறுகையில் கிளாம்டிரிங் என்னும் வாளும் ஏந்திப் பொருதவர். மூர்காக் படைத்த எல்ரிக், சூனியம் கற்ற மன்னன். அவன் பெயரோடு பிரியாதது ஸ்டார்ம்பிரிங்கர் என்னும் வாள். இவ்விருவரின் ஆசிரியர்களையும் 1979ஆம் ஆண்டு நடுவர் கையேட்டின் வாசிப்புப் பட்டியலில் சேர்த்தவர் கைகாக்ஸே. முன்மாதிரிகளை அறிந்தே அவர் விலகினார்.

மதகுருவின் வரலாறு இன்னும் சுவையானது. ஆர்னசன் மினசோட்டாவில் நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தில் இரத்தக்காட்டேரியாக மாறிய ஒரு மாந்தர் அடக்குவாரின்றி வளர்ந்துவிட, அவரை எதிர்கொள்ளவே மதகுரு வகுப்பு உருவாயிற்று. திகிற்படங்களில் வரும் வான் ஹெல்சிங்கே அதன் முன்னோர். ஆயினும் கூர்ங்கருவித் தடைக்கு விளக்கம் வேண்டியிருந்தது. இடைக்கால ஐரோப்பா துணைக்கு அழைக்கப்பட்டது. இரத்தம் சிந்தலாகாது என்பதே காரணம் என 1978ஆம் ஆண்டின் ஆடுவோர் கையேடு குறித்தது. 1066ஆம் ஆண்டுப் போரைச் சித்திரிக்கும் பேயோ பூவேலைச் சீலையில் ஆயர் ஓடோ தடியேந்தி நிற்பதையும் பலர் சான்றாகக் காட்டினர்.

சான்று நிலைக்குமா? அதே சீலையில் ஆயரல்லாத வில்லியமும் தடியேந்தியே காணப்படுகிறார். அத்தடியைத் தலைமையின் அடையாளமாகக் கொள்வோர் ஆய்வாளருள் உளர். 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் குருமாரை இரத்தப்பழியினின்று விலக்கியது மெய். கொலைத்தீர்ப்பு கூறுவதையும், வெட்டியும் சுட்டும் செய்யும் மருத்துவத்தையும் கூடத் தடுத்தது. ஆனால் தடியால் அடித்துக் கொல்லலாம் என அது விலக்கு அளிக்கவில்லை. தண்டாயுதத்தால் மண்டை பிளந்தால் இரத்தம் வாராதா என்ன? 1989ஆம் ஆண்டுப் பதிப்போ மதகுருவுக்கு ஒப்பாக டெம்ப்ளர் வீரத்துறவியரையும், ரோலண்ட் காப்பியத்தின் பேராயர் டர்ப்பினையும் காட்டியது. அத்துறவியர் வாள்வீரர்; டர்ப்பினுக்கு அக்காப்பியமே பெயருள்ள வாளொன்றைத் தந்திருக்கிறது!

தடையே இல்லாத வழியும் தொடக்கத்திலேயே இருந்தது. 1978இல் வெளிவந்த ரூன்குவெஸ்ட் வகுப்புகளையே வைத்துக்கொள்ளவில்லை. வாளும் மந்திரமும் ஒருவரிடமே கூடலாம். 2000ஆம் ஆண்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு, தடையை விலையாக மாற்றியது. மந்திரவாதி வாள் ஏந்தலாம்; பயிற்சியில்லையேல் தாக்கும் எண்ணில் நான்கு குறையும். முழுத்தகட்டுக் கவசமும் பூணலாம். மந்திரம் பொய்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தைந்து. மதகுருவின் கைக்கு ஈட்டியும் கட்டாரியும் வந்தன. இரத்தம் பற்றிய பேச்சு விதியிலிருந்து மறைந்தது.

தளை என்னும் சொல்லை விலங்கு என்றும், சீரும் சீரும் இசைந்து நிற்கும் கட்டு என்றும் இருபொருள்பட வழங்கும் மொழியில் எழுதுவோர் நாம். தளை வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் நம்மிடையே உளர். இவ்விளையாட்டின் வரலாறு இருசாராருக்கும் ஒன்று சொல்கிறது. தளையைக் காப்போர் அதற்குப் பொய்யான பழமையைத் துணைக்கு அழைக்க வேண்டுவதில்லை. அது செய்யும் பணியே அதற்குப் போதிய சான்று. தளையை அவிழ்ப்போரோ, அது யாருக்கு இடம் ஒதுக்கி நின்றது என்று முதலில் கேட்டறிதல் நலம். மந்திரவாதியின் கையில் வாளைக் கொடுக்குமுன், வாளையன்றி வேறொன்றும் இல்லாத போர்வீரருக்கு நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?