அணைந்த விளக்கு எதைச் சொல்கிறது? உயர் மின்னழுத்த மின்வழங்கிகளில் நிலைகாட்டியும் பிழைக்காப்பும்

உயர் மின்னழுத்த மின்வழங்கியின் முகப்பில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தால் உள்ளே மின்சாரம் இல்லை என்றே எவரும் கொள்வர். அது சரியா என்பது அந்த விளக்குக்குக் கம்பி எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. 'ஆன்' பொத்தானால் இயங்கும் கான்டாக்டரின் துணைத் தொடர்பிலிருந்து வந்தால், விளக்கு நாம் இட்ட கட்டளையைத்தான் காட்டும். வெளியீட்டு முனையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நிலைகாட்டியும் பிழைக்காப்பின் ஓர் உறுப்பே. ரிலேக்கு உரிய கண்டிப்புடன்தான் அதையும் வடிவமைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கணக்காகப் பார்க்கலாம். 30 கிலோவோல்ட் வழங்கி ஒன்றில் 1 மைக்ரோஃபாரட் வடிகட்டி மின்தேக்கி இருக்கிறது. அதில் தேங்குவது 450 ஜூல். ஆளைக் கொல்லப் போதும். அதன் குறுக்கே 100 மெகாஓம் வடிதடை இருந்தால் காலமாறிலி 100 விநாடி. சுவிட்சை அணைத்த கணமே சிவப்பு விளக்கு அணைந்துவிடும். மின்னழுத்தம் 50 வோல்ட்டுக்கு இறங்கவோ ஏறத்தாழ 11 நிமிடம் ஆகும். தடையை 10 மெகாஓமாகக் குறைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். ஆனால் வழங்கி ஓடும் நேரமெல்லாம் 9 வாட்டுக்குப் பதில் 90 வாட் வெப்பமாக வீணாகும். வடிவமைப்பாளர் 9 வாட்டைத் தேர்ந்தால் குறை சொல்வதற்கில்லை. அந்த 11 நிமிடமும் விளக்கை எரிய வைக்காததுதான் குறை. வடிதடையே அறுந்துபோனால் 11 நிமிடக் கணக்கும் செல்லாது; அதை அறிவிக்க முகப்பில் ஒன்றும் இல்லை.

கட்டளையை நிலையாக எடுத்துக்கொண்டதன் விளைவுக்குப் பெரிய சான்று மின்வழங்கித் துறைக்கு வெளியே இருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. அதற்கான விளக்கு வால்வின் சோலனாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதை மட்டுமே காட்டியது. மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டதென்று இயக்குநர்கள் நம்பினர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விப்பு நீர் வெளியேறிக்கொண்டிருந்தது.

அப்படியானால் வெளியீட்டை அளந்து காட்டினால் போதுமா? போதாது. 1 கிகாஓம் மேல்தடையும் 100 கிலோஓம் கீழ்த்தடையும் கொண்ட மின்னழுத்தப் பகுப்பான் 30 கிலோவோல்ட்டை 3 வோல்ட்டாகக் காட்டும். மேல்தடை அறுந்தால் மீட்டர் சுழியில் நிற்கும்: மிக ஆபத்தான நேரத்தில் மிக நிம்மதியான அளவீடு. ஒரே பாதையை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பெட்டக வகை எக்ஸ்ரே கருவிகளுக்கான அமெரிக்க விதி, கதிர் உண்டாகும்போது, அப்போது மட்டும், அதைக் காட்டும் இரண்டு தனித்தனி வழிகளைக் கேட்கிறது. ஒரே பாகம் பழுதானால் இரண்டும் செயலிழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. குழாய் மின்னோட்டத்தைக் காட்டும் மில்லிஆம்ப் மீட்டர் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். இது நல்ல ஏற்பாடு. மின்னழுத்தமும் மின்னோட்டமும் வேறுவேறு கம்பிகளில் வரும் செய்திகள்.

காப்புச் சுற்றே உயிரோடிருக்கிறதா என்று கேட்கும் வழக்கம் நம் துணைமின் நிலையங்களில் பழையது. பிரேக்கர் பேனலில் 'ட்ரிப் சர்க்யூட் ஹெல்தி' விளக்கின் பொத்தானை ஷிஃப்ட்டில் இருப்பவர் அழுத்திப் பார்ப்பார். ட்ரிப் காயில் வழியாகவே சிறு மின்னோட்டம் ஓடும். பிரேக்கரைத் திறக்க அது போதாது, விளக்கை எரிக்கப் போதும். காயில் எரிந்திருந்தாலோ டிசி வராவிட்டாலோ விளக்கு எரியாது. இருட்டு இங்கே 'நலம்' என்று பொருள்படுவதில்லை. ஆய்வக மின்வழங்கிகளைச் செய்வோர் இந்தச் சிக்கனமான உத்தியை ஏன் எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு வியப்பே.

விளக்குகளைக் கூட்டினால் குழப்பமே மிஞ்சும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. திரீ மைல் ஐலண்டில் தொடக்க நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் அலறின. மின்வழங்கியில் வில் பாய்ந்ததும் மிகைமின்னோட்டக் காப்பு அதை நிறுத்தும். மின்னழுத்தம் சரிந்ததால் 'குறை மின்னழுத்தம்' விளக்கும் எரியும். ஓடிவந்து பார்ப்பவருக்கு எது முதலில் என்று தெரியாது. ஆகவே முதல் பிழையைப் பிடித்து நிறுத்தி, மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் நினைவுச் சுற்று வேண்டும்.

தானாக மீள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரே குழாயைப் பதப்படுத்தும்போது சில வில்கள் இயல்பு. எண்ணிக்கை வரம்போடு தானியங்கி மீட்பை அனுமதிக்கலாம். கதவு இன்டர்லாக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. கதவை மூடிய பின் ஒருவர் வந்து கையால் மீட்டமைக்க வேண்டும். பச்சை விளக்கோ, இரண்டு அளவீடுகளும் வரம்புக்குக் கீழ் இறங்கி, எர்த் சுவிட்சின் தொடர்பும் மூடிய பிறகே எரிய வேண்டும். அது எரிந்த பிறகும், உள்ளே கைவைக்குமுன் எர்த் ராடை மின்தேக்கியின் முனையில் மாட்டிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.