முப்பரிமாணப் பல் படம்: வரலாறும் பாதுகாப்பும்

கூம்பு வடிவ எக்ஸ்-கதிர்க் கற்றை தலையைச் சுற்றிவந்து, பற்களையும் தாடையெலும்பையும் நீளம், அகலம், ஆழத்துடன் காட்டும் முறையே முப்பரிமாணப் பல் படம். இது சுருக்கமாக ‘சி.பி.சி.டி.’ எனப்படுகிறது.

1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மானியரான ஓட்டோ வால்க்காஃப், தம் பற்களைப் படமெடுக்க 25 நிமிடம் கதிரில் இருந்தார். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ், கருவியைச் சரிபார்க்கத் தம் கையையே கதிரின்முன் நீட்டிவந்தார். புற்றுநோயால் விரல்களையும் பின்னர் கையையும் இழந்து, 1928-இல் இறந்தார். பாதுகாப்பு விதிகள் இத்தகைய இழப்புகளிலிருந்து பிறந்தவை.

1990-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் முப்பரிமாணக் கருவிகள் உருவாயின. கடைவாய் ஞானப்பல்லின் வேர் நரம்பைத் தொடுகிறதா, செயற்கைப் பல் பொருத்தப் போதிய எலும்பு உள்ளதா என்பதைத் தட்டையான படத்தைவிட இது தெளிவாகக் காட்டும்.

ஆனால் இதன் கதிரளவு, ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறுபடத்தைவிட அதிகம், மருத்துவமனை சி.டி.யைவிடப் பெரும்பாலும் குறைவு. எனவே சொத்தைப் பல் ஒன்றுக்காக வழக்கமாக எடுக்கத் தேவையில்லை; வளரும் குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்தியாவில் 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இக்கருவிக்குக் கட்டாயம். மும்பையாயினும் திருப்பரங்குன்றமாயினும் விதி ஒன்றே. “இந்தப் படம் எதற்கு? சிறுபடம் போதாதா?” என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.