ஜென்டில்மேன் என்னும் பட்டம்

மனிதனுடைய உயர்ந்த குணத்தைக் குறிப்பதற்கென்று ஆங்கிலேயர் போற்றி வைத்திருக்கும் ‘ஜென்டில்மேன்’ என்ற சொல், ஆதியில் குணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. குலத்தைப் பற்றியே பேசிற்று. ஐந்தாம் ஹென்றி மன்னனின் காலத்தில், வழக்குப் பத்திரங்களில் பிரதிவாதியின் அந்தஸ்தையோ தொழிலையோ தவறாமல் எழுதவேண்டும் என்று 1413-இல் சட்டம் பிறந்தபின், பிரபுக்களும் அல்லாமல் உழவர்களும் அல்லாமல் இடையே நின்ற நிலக்காரக் குடும்பத்தினர் இச்சொல்லைத் தம் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. 1577-இல் இங்கிலாந்தை வர்ணித்து நூல் எழுதிய வில்லியம் ஹாரிஸன் என்னும் பாதிரியாரோ, சட்டம் பயின்றவனும், வைத்தியம் செய்பவனும், கையால் உழைக்காமல் காலங்கழிக்க வசதி படைத்தவனும் ஜென்டில்மேனாகக் கருதப்படுவதைப் பதிவு செய்திருக்கிறார். உடலுழைப்பு இல்லாமையே உயர்வுக்கு லக்ஷணமாகிவிட்ட இந்த விபரீதத்தில்தான் பிற்கால அநீதிகளின் வித்து இருக்கிறது.

ரிச்சர்டு ஸ்டீல் 1710-இல் தமது ‘டாட்லர்’ பத்திரிகையிலும், மதகுருவாகிய நியூமன் 1852-இல் சர்வகலாசாலை பற்றிய தம் உரைகளிலும், நடத்தையே இந்தப் பட்டத்துக்கு உரைகல் என்று வாதித்தார்கள். ஆனால் அந்த உபதேசம் கிரிக்கெட் மைதானத்து வாசலைத் தாண்டவில்லை.

லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் 1806-இல் தொடங்கிய ‘ஜென்டில்மென்–பிளேயர்ஸ்’ பந்தயத்தில், கூலி வாங்காமல் ஆடும் கனவான்கள் ஒரு கட்சி, ஆட்டமே பிழைப்பான தொழிலாளிகள் மறு கட்சி. உடை மாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் நுழையும் வாசல் வேறு. அச்சிட்ட ஆட்டக் குறிப்பில்கூடக் கனவானுக்கு முதலெழுத்துக்கள் பெயருக்கு முன்னும், தொழிலாளிக்குப் பின்னும் வரவேண்டும் என்பது சம்பிரதாயம். 1950-இல் தொழில்முறை ஆட்டக்காரரான இளைஞர் டிட்மஸின் முதலெழுத்துக்கள் தவறிப்போய் முன்னால் அச்சாகிவிட, அதைத் திருத்தி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் என்றால், அந்தச் சமூகத்தின் மனத்தில் இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினையின் கொடுமையை ஹரால்டு லார்வுட்டின் சரித்திரம் போல் வேறெதுவும் காட்டுவதில்லை. நாட்டிங்ஹாம்ஷயரில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து வளர்ந்த அவர், 1932–33-இல் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்துக் கட்சியில், ஆக்ஸ்போர்டில் பயின்ற கனவானாகிய தலைவர் டக்ளஸ் ஜார்டினின் கட்டளைப்படி ஆட்டக்காரர்களின் உடலை நோக்கி அதிவேகமாகப் பந்து வீசினார். அதனால் இரு நாடுகளுக்கிடையே மனஸ்தாபம் மூண்டு ஓய்ந்தபின், அம்முறையை வகுத்த தலைவரை விட்டுவிட்டு, அதை நிறைவேற்றிய தொழிலாளியையே மன்னிப்புக் கோரும்படி நிர்ப்பந்தித்தார்கள். தலைவரின் ஆணைக்கு உட்பட்டுச் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க அவர் மறுத்தார். இங்கிலாந்துக்காக ஆடும் வாய்ப்பு அவருக்கு மறுபடி கிட்டவேயில்லை.

1962-இல் ஸ்கார்பரோ நகரில் கடைசி ‘ஜென்டில்மென்–பிளேயர்ஸ்’ பந்தயம் நடந்தது. அதையடுத்துச் சில மாதங்களுக்குள் அந்தப் பாகுபாடே ரத்தாயிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த இரு கட்சிகளுள் பட்டத்துக்கு உண்மையில் உரியவர் யார் என்று என்னைக் கேட்டால், பின்வாசல் வழியே மைதானத்துக்கு வந்த லார்வுட்டின் பெயரையே முதலில் சொல்வேன்.