பாளையும் முளையும்: யாழ்ப்பாணச் சீவற்றொழில் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கடனீரேரிக் கரையில் அமைந்தது கொழும்புத்துறை. பூநகரிக்குச் செல்லும் தோணிகளின் துறையாக அது முன்னர் விளங்கியது. குடாநாட்டின் ஏனைய கரையோரங்களைப் போலவே இங்கும் பனையே நிலத்தின் அடையாளம். இப்பிரதேசத்தில் மதுவுக்கு மூலப்பொருளாக அமைந்தது தானியமன்று, பனையே. இவ்வேறுபாடு தொழில்நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. உழைப்பாளரின் சமூக நிலையையும் அது பாதித்தது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தானியத்தில் உள்ளது மாப்பொருள். அதனை மதுவம் நேரடியாக நொதிக்கச் செய்யாது. ஆகவே வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, சில நாட்கள் முளைக்கவிட்டு, பின்னர் சூட்டில் உலர்த்துவர். முளைக்கும்போது பெருகும் அமைலேசு முதலிய நொதியங்கள், பின்னர் வெந்நீரில் கலக்கும்போது மாப்பொருளை வெல்லமாக மாற்றுகின்றன. இவ்வாறு பெறும் முளைத்தானியமே மோல்ட் எனப்படுவது. நம்மவர் குரக்கனை முளைகட்டி மாவாக்குவதிலும் இதே தத்துவம் அடங்கியுள்ளது. பதநீரிலோ வெல்லம் ஏற்கெனவே உண்டு. பாளையிலிருந்து முட்டியில் சொட்டிய சில மணி நேரத்திலேயே, காற்றிலும் முட்டியிலுமுள்ள மதுவத்தால் அது கள்ளாகத் தொடங்கிவிடுகின்றது.

இயற்கையின் இக்கொடையே உழைப்பாளிக்கு விலங்காயிற்று. உலர்ந்த முளைத்தானியத்தை மாதக்கணக்கில் சேமிக்கலாம். விலை நன்றாகும்வரை காத்திருக்கலாம். கள்ளுக்கு அவ்வாறான காத்திருப்பு இல்லை. நாளுக்கு இருமுறை மரமேறிப் பாளை சீவியவன், இறக்கியதை அன்றே விற்றாக வேண்டும். எனவே விற்பனை வாயில் எவர் கையில் இருந்ததோ, அவர் கையிலேயே சீவற்றொழிலாளியின் வாழ்வும் இருந்தது.

அவ்வாயிலைக் குடியேற்ற அரசு வருவாய்க்குரிய வழியாகக் கண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகை தென்னிலங்கைக் கரையோரத்தில் பெருஞ்செல்வர் குடும்பங்களை உருவாக்கியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமமின்றிக் கள்ளிறக்குதலும் விற்றலும் குற்றமாயின. தவறணை உரிமையோ ஏலத்தில் கூடிய தொகை கேட்டவரைச் சென்றடைந்தது. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் குடியேற்ற அரசின் வருவாய்க் கொள்கையைக் கண்டித்தன. ஆயினும் மரமேறியவனின் மாற்று வாழ்வாதாரம் அவ்வியக்கங்களின் முதன்மைப் பொருளாகவில்லை. சீவுதல் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட தொழிலாகவும், பனங்காணி பெரும்பாலும் மேற்சாதி நிலவுடைமையாளரின் உடைமையாகவும் இருந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. தொழிலாளிக்கு மரமும் சொந்தமில்லை, தவறணையும் சொந்தமில்லை. கத்தியும் தளநாரும் உயிராபத்துமே அவனுக்குச் சொந்தம்.

1972இல் குடாநாட்டில் தோன்றத் தொடங்கிய சீவற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் முக்கியத்துவத்தை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். தவறணைக் குத்தகைக்காரரின் இடத்தைத் தொழிலாளரின் சொந்த அமைப்பு பெற்றமை வெறும் நிர்வாக மாற்றமன்று. சாதியமைப்பின் பொருளாதார அடித்தளத்தில் விழுந்த ஓர் அடியுமாகும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியின் திக்கத்தில் எழுந்த வடிசாலை, விற்பனைக்கு மிஞ்சிய கள்ளைச் சாராயமாக்க வழிசெய்தது. காத்திருக்க இயலாத பொருளைக் காத்திருக்கச் செய்வதே வடிசாலையின் பொருளாதாரப் பணி. தானிய விவசாயிக்கு முளைத்தானியக் களஞ்சியம் ஆற்றுவதும் அதுவே. பின்வந்த போர்க்காலம் பெருந்தொகையான பனைகளையும், அவற்றை நம்பி வாழ்ந்த கிராமங்களையும் சிதைத்தது.

மேலை நாடுகளில் மோல்ட் உற்பத்தி சில பெரு நிறுவனங்களிடம் குவிந்தமைக்கு எதிர்வினையாக, அயற்பண்ணைத் தானியத்தை முளைகட்டிச் சிறு மதுவடிப்போருக்கு வழங்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. 2013இல் வட அமெரிக்காவில் இத்தகையோர் தமக்கெனச் சங்கமும் அமைத்துக்கொண்டனர். மூலப்பொருள் விளையும் இடத்திலேயே அதன் அடுத்த நிலை மாற்றமும் நிகழவேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. அக்கொள்கையை, ஊர்ப் பெருமையாக அன்றி ஒடுக்கப்பட்டோரின் உரிமையாக, நம் சீவற்றொழிலாளர் அதற்கு நான்கு தசாப்தங்கள் முன்னரே முன்வைத்தனர். பனை வளம் பற்றிய எத்திட்டமும், வடிசாலையின் உடைமை எவருக்கு என்ற வினாவுக்கு முதலில் விடை கூறுதல் வேண்டும்.