குற்றாலத்தில் வாங்கும் மலிவு டி-ஷர்ட்... அதன் நிஜ விலை என்ன தெரியுமா?

குற்றால சீசனுக்குப் போறோம், அருவியில குளிக்கிறோம், திரும்பும்போது கடைவீதியில மலிவா ஒரு டி-ஷர்ட் வாங்குறோம். நாலு தடவை துவைச்சதும் சாயம் போயிடுது, தூக்கிப் போடுறோம். அந்த டி-ஷர்ட்டுக்கு நாம் கொடுத்த காசு மட்டும்தான் விலையா?

ஃபாஸ்ட் ஃபேஷன்னா என்ன?

புதுப்புது டிசைன்களைச் சில வாரங்களிலேயே தைத்து, குறைந்த விலைக்கு விற்று, சீக்கிரமே அடுத்ததை வாங்கவைக்கும் வியாபார முறை.

தண்ணீருக்கு என்ன ஆகுது?

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இதில் பெரும்பகுதி பருத்தி விளைவிக்கவே போகிறது.

அடுத்தது சாயம். பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நொய்யலில் வந்த திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் திறந்தன.

தைக்கிறவங்க நிலைமை?

தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். அதற்கு முன்பே நெல்லை உள்ளிட்ட தென் மாவட்டங்களின் ஏழைப் பெண்கள் 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் நூற்பாலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். சுமார் 3 வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பது வாக்குறுதி. நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர்களுக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை என்ற புகார்கள் ஏராளம்.

2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே தைக்கப்பட்டவை வெளிநாட்டு பிராண்டுகளின் ஆடைகள்.

2021-ல் திண்டுக்கல் பகுதி ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்டார். தொழிற்சங்கம் விடாமல் போராடியதால், பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2022-ல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது.

பழைய துணி எங்கே போகுது?

பாபநாசத்தில் பரிகாரம் என்று தாமிரபரணியில் விடப்படும் துணிகளை டன் கணக்கில் அள்ளுகிறார்கள். பாலியஸ்டர் துணி மட்கவே மட்காது. நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளாக உதிரும். குற்றாலத்துச் சிற்றாறும் கடைசியில் தாமிரபரணியில்தான் கலக்கிறது.

நாம என்ன செய்யலாம்?

குறைவா வாங்குங்க, நல்லதா வாங்குங்க. கிழிஞ்சா தைச்சுப் போடுங்க. அருவியிலும் ஆத்திலும் துணியை விடாதீங்க.